ஷூ பட்டறையில் கேமரா: காரைக்குடிப் பக்கம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டை வாடகைக்கு எடுத்து, சின்ன ஷூ, செருப்புப் பட்டறைகளுக்குக் கேமராவும் அதற்கான மென்பொருளும் அமைத்துக் கொடுக்கிறேன். பட்டறைக்காரர்கள், காரைக்குடி கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

போட்டோ எடுத்தா ஷூ எப்படி தம்பி தயாராகும்?

ஷூவைக் கேமரா செய்யாது ஆச்சி. வெட்டுவது கத்தி, தைப்பது ஊசி, ஒட்டுவது பசை. ஆனால் கத்தி எங்கே இறங்கணும், ஊசி எந்த ஓரத்தில் ஓடணும், பசை எதுவரைக்கும் போகணும் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பார்க்கிற வேலையில் ஒரு பங்கைக் கேமராவிடம் கொடுக்கிறோம்.

கேமரா எடுக்கும் படம் கணினிக்கு எண்கள் நிரம்பிய ஒரு கட்டம். கருப்பு வெள்ளைப் படம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. அந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறோம். எண் சட்டென்று மாறுகிற இடம் பொருளின் ஓரம். ஓரங்களைத் தொடுத்துக்கொண்டே போனால் வடிவம் வரும். வடிவம் தெரிந்துவிட்டால் அளவு, திசை, இருக்கும் இடம் எல்லாம் கணக்குதான். அந்தக் கணக்கை இயந்திரத்துக்கு அனுப்பினால், துண்டு கொஞ்சம் கோணலாகக் கிடந்தாலும் இயந்திரம் அதற்கேற்பத் திரும்பி வேலை செய்யும்.

ஒரு ஷூவுக்கு எந்தெந்த இடத்துல கேமரா வைக்கலாம்ணே?

அதிகப் பலன் தருவது வெட்டு மேசை. தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. வீணாகிற ஒவ்வொரு துண்டும் காசு. வழக்கமாக ஒரு மாடலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி டை (துண்டின் வடிவத்தில் வளைத்த வெட்டு அச்சு) செய்து, தோலின் மேல் வைத்து பிரஸ்ஸில் அமுக்குவார்கள். கேமரா இருந்தால் தோலை மேசையில் விரித்து ஒரு படம் எடுக்கிறோம். மென்பொருள் அதன் ஓரத்தையும் ஓட்டைகளையும் பார்த்து, துண்டுகளை நெருக்கமாக அடுக்கிப் பார்க்கிறது. மேலே ஒரு புரொஜெக்டர் வைத்தால், எந்தத் துண்டு எங்கே விழும் என்று தோலின் மேலேயே கோடுகளாகத் தெரியும். வெட்டுபவர் பார்த்து, "இதைக் கொஞ்சம் தள்ளு" என்றால் நகர்த்தலாம். அப்புறம் கணினிக் கத்தி வெட்டிவிடும். டை வேண்டாம் என்பதால் ஐம்பது ஜோடி ஆர்டரைக்கூடத் துணிந்து எடுக்கலாம். சின்னப் பட்டறைக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது தையல். அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் துண்டைச் சட்டத்தில் மாட்டி, கணினித் தையல் இயந்திரத்தின் கீழ் வைக்கும்போது ஒரு மி.மீ. கோணலாக இருந்தாலும் தையல் ஓரத்தைவிட்டு விலகிவிடும். கேமரா துண்டு கிடக்கிற விதத்தைப் பார்த்துத் தையல் பாதையை நகர்த்திக் கொடுக்கும். பசை, சோல் பற்றித் தனிக் கேள்வி கீழே வருகிறது. கடைசியில் சோதனை: இடது வலது ஷூவின் முன்மூடி ஒரே நீளமா, பின்பக்க உயரம் சமமா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்ப்பது.

செட்டிநாட்டுல ஏது தோல்? ஆம்பூர்ல போய்ப் பண்ண வேண்டியதுதானே?

தோலும் பெரிய ஷூ ஆலைகளும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரைப் பக்கம்தான். எங்களுக்கும் தோல் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கேமராவுக்கு நிரல் எழுதவும், வெளிச்சப் பெட்டி செய்யவும், சோதித்துப் பார்க்கவும் ஆற்றங்கரை தேவையில்லை. காரைக்குடியில் 1952லேயே அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி தொடங்கிவிட்டார். அங்கே படித்த பிள்ளைகள் எல்லோரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயே ஆக வேண்டும் என்று இல்லை. அப்புறம், பெரிய ஆலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிகள் வந்து செய்து கொடுப்பார்கள். பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்கு யார் வருவார்கள்? அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

போன் கேமராவே நல்லா எடுக்குதே, அது போதாதா?

கற்றுக்கொள்ளப் போதும். நானும் போனில்தான் ஆரம்பித்தேன். முதல் படமே நல்ல பாடம். ஒரு செருப்பின் அப்பர் துண்டை வீட்டுத் தரையிலேயே வைத்து எடுத்தேன். தரை ஆத்தங்குடிக் கல். ஓரங்களைத் தேடச் சொன்னதும் மென்பொருள் கல்லில் இருந்த பூவையும் கொடியையும் அழகாக வரைந்து கொடுத்தது. துண்டின் ஓரம் ஓர் இதழுக்குள் கரைந்துபோய், எது தோல், எது தரை என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைச் சார்ட்டு அட்டையை விரித்து வைத்தேன். அதே நிரல், ஒரு வரி மாற்றவில்லை, துண்டை அப்படியே பிரித்துக் காட்டியது.

தினசரி வேலைக்குப் போன் ஒத்துவராது. நமக்குப் படம் அழகாக வர வேண்டும் என்று போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், நிறத்தை மாற்றும், ஓரத்தைக் கூர்மையாக்கும். ஒரே துண்டைப் பத்துத் தடவை எடுத்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். அளப்பதற்கு நேற்றும் இன்றும் ஒரே மாதிரி பார்க்கிற கண் வேண்டும். தொழிற்சாலைக் கேமராவில் இதையெல்லாம் பூட்டி வைத்துவிடலாம். லென்ஸையும் திருகி இறுக்கிவிடலாம்.

டியூப்லைட் இருக்கே, வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?

இந்தத் தொழிலில் பாதி வெளிச்சம்தான். என்னிடம் வருகிறவர்கள் மென்பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்பார்கள், விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆகவே இதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன். எங்கள் முதல் மேசையை வளவில், முற்றத்தை ஒட்டிப் போட்டிருந்தோம். நல்ல காற்று, நல்ல வெளிச்சம். காலை பத்து மணிக்கு எல்லாம் சரியாக இருக்கும். பதினொன்றரைக்கு முற்றத்து வெயில் தூணைத் தாண்டி மேசை ஓரத்தில் ஏறும். உடனே வெளிர்பழுப்புத் தோலும் வெள்ளை அட்டையும் ஒன்றாகி, துண்டுகள் கால்வாசி சுருங்கினாற்போல் அளவு வரும். மேகம் மறைத்தால் பழையபடி சரியாகிவிடும். இரண்டு நாள் நிரலில் தவறு தேடினோம். மூன்றாம் நாள் மேசையை உள் அறைக்கு மாற்றி ஜன்னலை அடைத்தோம், பிரச்சினை போயிற்று.

டியூப்லைட்டுக்கு இன்னொரு குறை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய சோக்கு வைத்த டியூப் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. கேமரா விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் மட்டும் திறந்து மூடினால், ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். 10 மில்லி விநாடி, 20 மில்லி விநாடி என்று பத்தின் மடங்கில் திறந்தால் இது ஓரளவு அடங்கும். சீரான மின்னோட்டம் கொடுக்கிற எல்இடி விளக்கு போட்டால் கவலையே இல்லை.

எது துண்டு, எது மேசை என்று கருப்பு வெள்ளையாகப் பிரிக்கும் எல்லை எண்ணைக் கணினியே கண்டுபிடிக்க, ஜப்பானைச் சேர்ந்த ஒட்சு 1979ல் ஒரு வழி சொன்னார். இன்றும் அதைத்தான் நிறையப் பேர் பயன்படுத்துகிறோம். ஆனால் மேசையில் பாதி வெயில், பாதி நிழல் என்றால் முழுப் படத்துக்கும் ஒரே எல்லை எப்படிப் பொருந்தும்? வெட்டிய துண்டின் ஓரத்தை மட்டும் அளக்க வேண்டுமானால், பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டுக்குக் கீழே விளக்கை வைத்து மேலே துண்டை வையுங்கள். எந்த நிறத் தோலானாலும் கருநிழலாகத் தெரியும். ஓரம் கத்தி மாதிரி விழும்.

பளபளன்னு இருக்கிற தோலுக்கு?

இங்கே பழைய வீட்டுச் சுவர்களில் முட்டைப் பூச்சு பார்த்திருப்பீர்கள். எதிரே நிற்பவர் முகம் தெரியும். மெருகுத் தோலும் அப்படித்தான், விளக்கையே திருப்பிக் காட்டும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளைக் கூரை செய்து, விளக்கின் ஒளி அந்தக் கூரையில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக இறங்கும்படி வையுங்கள். விளக்குக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று என்று குறுக்குநெடுக்காக போலரைசர் வடிகட்டி போட்டாலும் மினுக்கம் குறையும்.

எவ்வளவு நுணுக்கமா அளக்கும்? நூல் பிசகாம வருமா?

கணக்கை நீங்களே போடலாம். கேமரா அகலவாக்கில் 4000 பிக்சல், பார்க்கிற இடம் 400 மி.மீ. என்றால் ஒரு பிக்சலுக்கு 0.1 மி.மீ. ஆனால் ஒரு பிக்சலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மூன்று பிக்சல் வித்தியாசம் தெரிந்தால்தான் நான் நம்புவேன். அதாவது 0.3 மி.மீ. முழுத் தோலைப் பார்க்கிற மேசையில் இடம் பெரிது. அங்கே இந்த நுணுக்கம் வராது, அங்கே அது தேவையும் இல்லை.

பலரும் தவறவிடுவது தடிமன். மேசை மட்டத்தில் அளவு சரிபார்த்த கேமரா ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தோல் 2 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். நடுவிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருக்கிற மேல் ஓரம் 0.4 மி.மீ. வெளியே நகர்ந்த மாதிரி தெரியும். கேமராமேல் குற்றமில்லை, சரிவாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். தோலின் தடிமனை நிரலில் சொல்லிவிட்டால் கழித்துக்கொள்ளும். லென்ஸ் ஓரத்தில் வளைகிற கோடுகளை, சதுரங்கப் பலகைக் கட்டம் அச்சிட்ட தகட்டைப் பல கோணத்தில் காட்டிச் சரிசெய்யலாம். ஒருவர் ஆத்தங்குடிக் கல்லையே கட்டமாக வைத்துக்கொள்ளலாமே என்று ஆசையோடு கேட்டார். கையால் வார்க்கிற கல்; ஒன்றுக்கொன்று இழை வித்தியாசம் இருக்கும். அதன் அழகுக்கு அது பொருந்தும், அளவுகோலுக்குப் பொருந்தாது.

சாப்ட்வேர் ரொம்ப விலையாமே?

விலைக்கும் இருக்கிறது, இலவசமும் இருக்கிறது. ஓப்பன்சிவி என்பது 1999ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய நிரல் தொகுப்பு. யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம், தொழிலுக்கும் தடையில்லை. மேலே சொன்ன ஓரம் தேடுவது, கட்டத் தகட்டால் சரிசெய்வது எல்லாம் அதில் உண்டு. ஹால்கான் போன்றவை காசு கொடுத்து வாங்குபவை. வேகமும் ஆதரவும் நன்றாக இருக்கும். என் பட்டறைகளில் ஓப்பன்சிவிதான் ஓடுகிறது. காசை விளக்கு, லென்ஸ், ஆடாத இரும்புச் சட்டம் மூன்றிலும் போடச் சொல்வேன்.

கரண்டு போனா?

கணினிக்கும் கேமராவுக்கும் யூபிஎஸ் போடுங்கள். மின்சாரம் திரும்பியதும் கட்டத் தகட்டை ஒரு தடவை காட்டி அளவு சரியா என்று பார்த்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். லென்ஸில் படிகிற தோல் தூசியையும் அப்போதே துடைத்துவிடலாம்.

ஏஐ போட்டா எல்லாத்தையும் அதுவே கத்துக்குமே சார்?

இதைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். நீளம், அகலம், துளை எண்ணிக்கை போன்றவற்றுக்கு ஏஐ தேவையில்லை. 1979 ஒட்சு, 1986 கேனி ஓரத் தேடல் மாதிரி பழைய முறைகளே போதும். தவறினாலும் ஏன் தவறியது என்று தெரியும். தோலில் குறை தேடும்போதுதான் ஏஐ உதவுகிறது. முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, தோல் உரிக்கும்போது விழுந்த கத்திக்காயம், சூடு போட்ட தடம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். இதற்கெல்லாம் விதி எழுதி மாளாது. நூற்றுக்கணக்கான படங்களில் ஆள் உட்கார்ந்து குறி வைத்துக் கொடுத்தால் அது பழகிக்கொள்ளும்.

யார் குறி வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை இரண்டு மாணவர்களை வைத்துச் செய்தேன். கழுத்துப் பக்கத்து இயற்கைச் சுருக்கத்தையெல்லாம் கீறல் என்று குறித்துவிட்டார்கள். மென்பொருளும் அதையே கற்றுக்கொண்டு, நல்ல தோலில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டியது. பிறகு முப்பது வருடமாக வெட்டு மேசையில் நிற்கிற ஓர் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் திரையைப் பார்த்ததைவிட, தோலை எடுத்து விரலால் மடித்துப் பார்த்ததே அதிகம். மடிக்கும்போது விரியாத கோட்டை விட்டுவிடச் சொன்னார். அவர் குறித்த படங்களால்தான் இன்றைக்கு அந்த மேசை ஓடுகிறது.

தோல்ல எந்தப் பக்கம் இழுக்கும்னு கேமராவுக்குத் தெரியுமா?

தெரியாது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பட்டறைக்காரர். கேட்ட உடனே, இவர் தொழில் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டேன். தோல் துணி மாதிரி எங்கும் ஒரே சீராக இருக்காது. முதுகெலும்பை ஒட்டிய இடம் இறுக்கம், வயிற்றுப்பக்கம் தளர்வு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு திசையில் அதிகம் நீளும். ஷூவின் முன்பாகத்தை வயிற்றுப்பக்கத்தில் வெட்டினால், லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சில்) ஏற்றி இழுக்கும்போது அசிங்கமாக நீளும், போடப் போடத் தொளதொளக்கும். படத்தில் இரண்டு இடமும் ஒரே நிறமாக, ஒரே வழவழப்பாகத் தெரியும்.

அதனால் வெட்டுபவர் முதலில் தோலை இழுத்துப் பார்த்து, அழிகிற நிறப் பென்சிலால் எல்லை போடுகிறார். பச்சைக்குள் முன்பாகம், மஞ்சளுக்குள் பக்கத் துண்டு, நீலத்துக்குள் நாக்கு. நீளும் திசைக்கு ஓர் அம்புக்குறி. கேமரா அந்த நிறத்தையும் அம்பையும் படித்துக்கொண்டு அதற்குள்ளேதான் அடுக்கும். இடது வலது ஜோடியை அடுத்தடுத்த இடத்திலேயே வெட்டச் சொல்லியும் விதி போட்டிருக்கிறோம். இல்லையென்றால் ஒரு ஷூ ஒரு நிறமாகவும் மற்றது கொஞ்சம் மாறியும் வரும்.

பசை தடவுறதையும் தானா பண்ண முடியுமா?

முடியும், ஆனால் மேலிருந்து எடுத்த ஒரு படம் போதாது. அப்பர் லாஸ்ட்டில் ஏறிய பிறகு அது வளைவு வளைவான பொருள். சோல் வந்து உட்காரும் கோட்டுக்கு மேலே பசை போனால் கறையாகத் தெரியும், கீழே நின்றால் நாலு மாதத்தில் வாய் பிளக்கும். அதனால் லேசர் கோடு ஒன்றை ஷூவின் மேல் ஓடவிட்டு, பக்கத்தில் சரிவாக வைத்த கேமராவால் அந்தக் கோடு வளைவதைப் பார்க்கிறோம். வளைவிலிருந்து உயரம் கிடைக்கும். அந்த உருவத்தின் மேல் பசைப் பாதையைக் கணக்கிட்டு இயந்திரக் கைக்குக் கொடுக்க வேண்டும்.

தடவியது சரியா என்று பார்ப்பது இன்னொரு சிக்கல், பசை நிறமற்றது. புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் பொருள் கலந்த பசை வாங்கினால், அந்த விளக்கில் விட்டுப்போன இடம் கருப்பாகத் தெரியும். இயந்திரக் கை வாங்க முடியாதவர்கள்கூட இந்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கையால் தடவட்டும், கேமரா பார்க்கட்டும்.

எங்க அப்பச்சிக்கு ஒரு கால் பெருசு. போட்டோ வெச்சு அவருக்குத் தனியா தைக்கலாமா?

நீளமும் அகலமும் எடுக்கலாம். தரையில் ஏ4 தாள் விரியுங்கள், அதன் அளவு 210க்கு 297 மி.மீ. அப்பச்சி அதன்மேல் உட்காராமல் நின்றபடி கால் வைக்கட்டும். எடை இறங்கினால்தான் பாதம் விரியும். சாயங்காலம் எடுத்தால் நல்லது, பகலில் கால் கொஞ்சம் வீங்கும். தாளின் நாலு மூலையும் படத்தில் தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்து மென்பொருள் மி.மீ. சொல்லிவிடும். அங்கும் தரை வெறுமையாக இருக்கட்டும், காரணம் போன் பற்றிய பதிலில் இருக்கிறது.

இங்கிலாந்து அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய அளவில் மூன்றில் இரண்டு செ.மீ. ஆகவே இரண்டு காலுக்கும் 5 மி.மீ. வித்தியாசம் வந்தாலே வேறு வேறு லாஸ்ட் பார்க்க வேண்டியிருக்கும். பாதத்தின் சுற்றளவு மேலிருந்து எடுத்த படத்தில் கிடைக்காது, அதற்கு டேப்தான். அவருக்குச் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால் என்னிடம் வர வேண்டாம். முதலில் பாதம் பார்க்கிற மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கடிக்கிற செருப்பு அவருக்கு வலிக்காது. புண் வந்த பிறகுதான் தெரியும்.

இதனால எங்க ஆளுங்களுக்கு வேலை போயிருமா? பெரிய கம்பெனியே மூடிருச்சாமே?

சில கைவேலை குறையும். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சூரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரத்துக்கு வந்த யான் மாட்செலிகர் 1883ல் லாஸ்ட்டில் தோலை இழுத்து ஆணியடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தேர்ந்த கையாள் நாளுக்கு ஐம்பது ஜோடி செய்த இடத்தில் அது பல மடங்கு செய்தது. ஷூ விலை இறங்கியது. அந்தக் கைவேலைக்காரர்களின் இடமும் போயிற்று. இரண்டும் நடந்தது.

மூடியதாகச் சொல்வது அடிடாஸின் ஸ்பீடுஃபேக்டரி. ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்களை வைத்து நடத்தி, 2019 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்த நுட்பங்களை ஆசியாவில் இருக்கிற தங்கள் உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோவதாகவும் சொன்னார்கள். ஆலை முழுவதையும் ஒரேயடியாக மாற்றுவதைவிட, ஓடுகிற பட்டறையில் ஒவ்வொரு மேசையாகச் சேர்ப்பது நல்லது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். என்னிடம் வரும் பட்டறைக்காரர்களிடம் நான் முதலிலேயே ஒன்று கேட்பேன்: வெட்டுபவரைக் கேமராவுக்குச் சொல்லிக் கொடுப்பவராக வைத்துக்கொண்டு, அதே சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பீர்களா? தோலின் இழுவை பற்றிய பதிலைப் பாருங்கள். அந்த ஆள் இல்லாமல் மேசையே ஓடாது.

சரிண்ணே, முதல்ல எதுல ஆரம்பிக்கட்டும்?

ஒரே மாடல், ஒரே துண்டு, ஒரே கேள்வி. உதாரணமாக, வெட்டிய முன்பாகத் துண்டு அளவு சரியா, இல்லையா. அக்ரிலிக் தகட்டுக்குக் கீழே விளக்கு வைத்த பெட்டி, ஒரு கேமரா, ஒரு கணினி. ஒரு மாதம் கேமரா சொல்வதை எழுதி மட்டும் வையுங்கள். அதை நம்பி எதையும் கழிக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சோதனை ஆள் நல்லது என்று சொன்ன இருபது துண்டு, கழித்த இருபது துண்டு எடுத்து, பின்பக்கம் சின்னதாக எண் போட்டு, எந்த எண் எதில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நாற்பதையும் கலந்து அவரிடமே கொடுத்து மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பட்டறையில் ஒன்பது துண்டு இடம் மாறியது. அங்கே கேமராவுக்கு முன்னால், எது குறை என்று நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் நாற்பது துண்டையும் அந்த எண்கள் எழுதிய தாளோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.